மூக்கைத் தொங்கப்போட்ட பினியன்

அத்தியாயம் 4

"அஞ்சு மணிக்குக் கொத்தனார் முதல் செங்கல்லை வச்சிடுவார். அதுக்குள்ள நீங்க ஏதாவது கண்டுபிடிக்கணும் மேடம்" என்றாள் பட்டறைக்காரம்மா.

சொன்னாளே தவிர, வேனை நகர்த்தவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. லாரிக்காரர் குழாயைச் சுருட்டி, மூடியை மாட்டி, ஒரு கொட்டாவியும் விட்டுக் கிளம்புகிறவரை பத்து நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேனுக்குப் பின்னால் ஒரு யானை காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் கிடந்தது.

பின் சீட்டில் இருந்த கண்டக்டருக்குக் கை பரபரத்தது. பதினோரு வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவன். 'பயணிகளிடம் தேவைக்கு மேல் பேசுகிறார்' என்று நூற்று நாற்பது புகார் வந்து, வேலை போய், இப்போது அண்ணன் மனைவியிடம் உதவியாளனாக இருக்கிறான். அந்த அண்ணன் மனைவிதான் துப்பறிகிறவள். அவனைப் பார்த்து ஊரே அவளை 'அண்ணி' என்று கூப்பிடப் பழகிவிட்டது. பிடிபட்ட திருடர்கள்கூட, "அண்ணி, இந்த ஒரு தடவை விட்டுடுங்க" என்றுதான் கெஞ்சுவார்கள்.

"தலைபோற அவசரத்துல இவ்வளவு பொறுமையா இருக்கிறவங்களை இப்பதான் பார்க்கிறேன் அண்ணி" என்று முணுமுணுத்தான்.

"பார்த்துக்கிட்டே இருங்க, கொழுந்தனாரே" என்றாள் அண்ணி.

வழியில் பட்டறைக்காரம்மா கதையைச் சொல்லி முடித்தாள். பந்தயக் கார்களைச் சரிபார்க்கும் பட்டறை. நடத்துவது இரண்டு பேர். ஒருவர் அவளுடைய அண்ணன். எஞ்சின், கியர்பாக்ஸ் என்று வண்டியின் முன்பாதி அவர் கையில். இன்னொருவர் அவளுடைய வீட்டுக்காரர். ஆக்சில் முதற்கொண்டு பின்பாதி அவர் கையில். மச்சானும் மாப்பிள்ளையும் மூன்று வருடமாகப் பேசுவதில்லை.

"எதுக்குச் சண்டை?"

"ஒரு வண்டி ஜெயிச்சது மேடம். பேப்பர்காரங்க போட்டோ எடுத்தாங்க. அண்ணன் முன்னால பானெட்கிட்ட நின்னார். எங்க வீட்டுக்காரர் பின்னால டிக்கிகிட்ட நின்னார். டிக்கி மூடி திறந்திருந்தது. போட்டோவுல இவர் தலை இல்லை."

கண்டக்டர் இருமுவதுபோல் சிரித்தான்.

"அன்னையிலிருந்து அண்ணன் காலையில வருவார். பன்னிரண்டரைக்குப் போயிடுவார். இவர் ரெண்டு மணிக்கு வருவார். ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கிறதில்லை. சொல்ல வேண்டியதைக் கரும்பலகையில எழுதிடுவாங்க. எழுத முடியாததை என்கிட்ட சொல்லி அனுப்புவாங்க."

அப்படியே ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் போன வாரம் மண் விழுந்தது. ஒரு பல் டாக்டர் தன் பந்தயக் காருக்குப் புது கியர்பாக்ஸ் மாட்டக் கொடுத்திருந்தார். வேலை முடிந்து ஒத்திகை ஓட்டம் ஓட்டினார். நூற்றுப் பத்தைத் தொட்டதும் வண்டி காய்ச்சல் கண்டதுபோல் உதறியது. வளைவில் நேராகப் போய் வைக்கோல் கட்டுகளில் புகுந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. முன்பல் ஒன்று உடைந்துவிட்டது.

"பல் டாக்டருக்கா?" என்றான் கண்டக்டர்.

"சிரிக்காதீங்க தம்பி. அண்ணன், 'உன் வீட்டுக்காரன் வேணும்னே கெடுத்துட்டான்'னு சொல்றார். இவர், 'உங்க அண்ணன் ராத்திரி வந்து கைவச்சிட்டார்'னு சொல்றார். பட்டறையை ரெண்டாப் பிரிச்சு நடுவுல சுவர் எழுப்பப் போறாங்க. சுவர் எழும்பிட்டா, நான் எந்தப் பக்கம் நிக்கிறது? அண்ணன் பக்கமா, புருஷன் பக்கமா?"



*

பட்டறை ஒரு நீண்ட தகரக் கொட்டகை. ஒரு முனையில் வாசல், வாசலை ஒட்டிச் சாக்கடைக் கம்பி. மறுமுனையில் சுவர், சுவர் நிறையத் தொங்கும் ஸ்பேனர்கள். பல் டாக்டரின் சிவப்புக் கார் பின்பக்கத்தைச் சுவருக்கும் மூக்கை வாசலுக்கும் காட்டி நடுவில் நின்றது. கொத்தனார் கட்டியிருந்த நூல் சரியாக அதன் கூரை மேல் ஓடியது. பார்த்தால் காரையே இரண்டாக அறுக்கப் போகிறார்கள் என்று தோன்றும்.

நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் கியர்பாக்ஸ்காரர். பருத்த உடம்பு, மீசை. அந்தப் பக்கம் ஒரு டயர் மேல் ஆக்சில்காரர். மெலிந்த உடம்பு, அவருக்கும் மீசை. இருவருக்கும் நடுவே ஆறடி தூரம்.

"வண்டியை நகர்த்தச் சொல்லுங்கம்மா. காருக்குள்ள எப்படிச் சுவர் கட்டுறது?" என்றார் கொத்தனார்.

கியர்பாக்ஸ்காரர் கண்டக்டரைப் பார்த்தார். "தம்பி, கெடுத்தவரை நகர்த்தச் சொல்லு."

கண்டக்டர் ஆறடி நடந்தான். "கெடுத்தவர் நகர்த்தணுமாம்."

"கெடுத்தவர் அங்கதான் உட்கார்ந்திருக்கார்னு சொல்லு."

கண்டக்டர் ஆறடி திரும்பி நடந்தான். நாலு தடவை இப்படிப் போய்வந்த பிறகு, "அண்ணி, நான் பஸ்ஸுல ஏறி இறங்கினதே இதைவிடக் கம்மி" என்று மூச்சு வாங்கினான்.

அண்ணி காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு கியர்பாக்ஸ்காரர் முன்னால் நின்றாள். "எனக்குச் சைக்கிள்ல செயின் கழண்டா மாட்டத் தெரியும். அவ்வளவுதான். இந்த வண்டி ஏன் உதறுச்சு? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அவர் ஒரு இரும்புக் குழாயைக் காட்டினார். "எஞ்சின் முன்னால இருக்கு. ஓட வேண்டிய சக்கரம் பின்னால இருக்கு. நடுவுல இந்த மாதிரி ஒரு நீளக் குழாய் சுத்தும். அதுக்கு ஷாஃப்ட்னு பேர். ரெண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. ரெண்டு பேர் ஏணி தூக்கிட்டுப் போற மாதிரி வச்சுக்கங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சாய்ஞ்சு நடந்தா ஏணி ஆடாது. ஒருத்தர் ஒரு மாதிரி, இன்னொருத்தர் வேற மாதிரி சாய்ஞ்சா குதிக்கும். நான் முன்னால கியர்பாக்ஸ் எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு அளந்து பலகையில எழுதிட்டேன். இதுக்கு மேல பின்பக்கம். அதை அங்க கேளுங்க."

அண்ணி நூலைக் குனிந்து தாண்டினாள். ஆக்சில்காரர் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

"பின்னால ஷாஃப்ட் போய்ச் சேர்ற பல்லுக்குப் பினியன்னு பேர். அதுக்கு ஒரு மூக்கு உண்டு. சும்மா ஓட்டுற காருன்னா முன்பக்கச் சாய்மானமும் இதுவும் ஒண்ணா இருந்தாப் போதும். பந்தயக் கார் அப்படி இல்லை. ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதிச்சா, பினியன் மூக்கைத் தூக்கும். அதனால முன்கூட்டியே ரெண்டு டிகிரி தலை குனிய வச்சுடணும். மிதிக்கும்போது தூக்கிச் சரியான இடத்துல வந்து நிக்கும். சில மனுஷங்களையும் அப்படி வச்சிருந்தா நல்லா இருக்கும்."

"யாரைச் சொல்றான்னு கேளு தம்பி" என்றார் கியர்பாக்ஸ்காரர்.

"பினியனைச் சொல்றார் சார்" என்றான் கண்டக்டர், நடக்காமலே.

"எப்படிக் குனிய வைப்பீங்க?" என்றாள் அண்ணி.

ஆக்சில்காரர் இரண்டு இரும்புத் துண்டுகளை நீட்டினார். ஒரு ஓரம் தடிப்பு, மறு ஓரம் மெலிசு. "வண்டியைத் தாங்குற வில்பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல இந்த ஆப்பைச் சொருகினாச் சாயும்."

"ஆப்பு வைக்கிறதையே தொழிலாப் பண்றவங்களை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான் கண்டக்டர்.

கரும்பலகையில் இரண்டு கையெழுத்து. இடது பக்கம் குண்டாக: 'கியர்பாக்ஸ் — ஒன்றரை.' வலது பக்கம் ஒல்லியாக: 'பினியன் மூக்கு — கீழே அரை.'

"இப்ப அளங்க. ரெண்டு பேரும். என் கண் முன்னால" என்றாள் அண்ணி.

தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அடியில் காந்தம், மேலே எண் காட்டும் சின்னத் திரை. கியர்பாக்ஸ்காரர் முன்னால் படுத்து அளந்தார். ஒன்றரை. பலகையில் இருந்தது இருந்தபடி. மீசையைத் தடவியபடி எழுந்தார். அடுத்து ஆக்சில்காரர் பின்னால் படுத்தார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?"

"மூணரை" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அரை இருக்க வேண்டிய இடத்துல மூணரை இருக்கு."

"பாத்தியா!" கியர்பாக்ஸ்காரர் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மூணு டிகிரி! மூக்கைத் தொங்கப்போட்டு அனுப்பியிருக்கான்! தம்பி, கேளு அவனை!"

"நான் அரையிலதான் வச்சேன்! அவர் வந்து ஆப்பை மாத்தியிருக்கார்! சொல்லு தம்பி!"

"ஆளுக்கு ஒரு டிக்கெட் எடுத்துட்டுக் கத்துங்க" என்று காதைப் பொத்தினான் கண்டக்டர்.

அண்ணி டார்ச்சை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டாள். "இந்த நட்டு மேல மஞ்சள் கோடு என்ன?"

"நான் போடுற பெயின்ட். முறுக்கி முடிச்சதும் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு இழுப்பேன். யாராவது கழட்டினாக் கோடு விலகிடும்."

"விலகலையே. எட்டு நட்டுலயும் ஒரே கோடு."

 கொத்தனார்கூடக் கரண்டியை நிறுத்தினார்.

கண்டக்டர் விரல் விட்டு எண்ணினான். "அப்ப வச்சவர் அரைன்னு சத்தியம் பண்றார். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கலைன்னு கோடு சத்தியம் பண்ணுது. அரை தானாவே மூணரை ஆயிடுச்சு. அண்ணி, இது குட்டி போட்டிருக்கு."

"கருவி பொய் சொல்லுதோ?" என்றாள் அண்ணி.

கருவி பொய் சொல்லவில்லை. இரண்டு தடவை சோதித்தார்கள். மணி நாலரை. கொத்தனார் மணலில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினார். பட்டறைக்காரம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு, கதவோரமாகக் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

*

கலவையிலிருந்து ஒரு ஓரம் தப்பித்த தண்ணீர் தரையில் கோடு போட்டுக்கொண்டு ஓடியது. காருக்கு அடியில் புகுந்து, வாசல் பக்கம் வெளியே வந்து, சாக்கடைக் கம்பிக்குள் இறங்கியது. அண்ணி அது போகும் வழியெல்லாம் கூடவே நடந்தாள்.

"தண்ணியைத் துப்பறியிறீங்களா அண்ணி?"

அவள் அந்தக் கருவியை வாங்கி வெறும் தரையில் வைத்தாள். திரையில் எண் ஓடி நின்றது. ஒன்றரை.

"உங்க தரை கோணலா இருக்கே சார்."

கியர்பாக்ஸ்காரர் அசரவில்லை. "வண்டி கழுவுற தண்ணி ஓடணும் இல்லையா? சுவர்ப்பக்கம் மேடு, வாசல்பக்கம் பள்ளம். இருபது வருஷமா இப்படித்தான். அதனால ஒண்ணும் கெடாது. முன்னாலயும் பின்னாலயும் ஒரே தரையில அளக்கிறோம். ரெண்டுலயும் அதே ஒன்றரை ஏறும். கழிச்சா அடிபட்டுப் போயிடும்."

"வண்டி அசையாம நிக்கிறவரைக்கும்."

"அது ஏன் அசையுது?"

அண்ணி கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "கொழுந்தனாரே, குப்புறப் படுங்க. மூக்குக்கு வேலை."

பஸ்ஸில் எந்தப் பயணி கருவாடு கொண்டுவந்திருக்கிறார் என்று மூன்று வரிசைக்கு அப்பாலிருந்து சொல்லும் மூக்கு அது. தரையில் இருபது வருடத்து எண்ணெய்க் கறை. சுவர்ப்பக்கம் பழுப்பாக ஒரு பட்டை, வாசல்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை. அவன் ஊர்ந்து ஊர்ந்து முகர்ந்தான்.

"சுவர்ப்பக்கம் பழுப்பு. அழுகின முட்டை நாத்தம்."

"அது ஆக்சில் எண்ணெய். அப்படித்தான் நாறும்" என்றார் ஆக்சில்காரர், கொஞ்சம் பெருமையாக.

"வாசல்பக்கம் கறுப்பு. கருகின வாசனை. எஞ்சின் எண்ணெய்." இன்னும் இரண்டடி ஊர்ந்தான். சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்தான். "ஐயோ! இங்க ஒண்ணு, வாசல்கிட்ட! அழுகின முட்டை! ஈரம்கூடக் காயலை!"

அண்ணி மெல்லச் சிரித்தாள். "இருபது வருஷமா ஒவ்வொரு வண்டியும் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் நின்னிருக்கு. ஆக்சில் எண்ணெய் சுவர்கிட்ட மட்டும்தான் சொட்டியிருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படி வாசலுக்கு வந்துச்சு? சார், இந்த வண்டியில எண்ணெய் சொட்டுற வேலை ஏதாவது பண்ணீங்களா?"

"எண்ணெய் கசியாம இருக்கப் பினியன் சீல் மாத்தினேன்" என்றார் ஆக்சில்காரர். "ஒரு கரண்டி எண்ணெய் கொட்டிடுச்சு."

"அப்ப வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு?"

அவர் நூலுக்கு அப்பால் முறைத்தார். "சுவரைப் பார்த்து நின்னுச்சு! என் சாமானெல்லாம் சுவர்ல இருக்குன்னு தெரிஞ்சே, வேணும்னே திருப்பி நிறுத்திட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் நான் கொட்டகை நீளத்துக்கு நடந்தேன். கேட்டேனா? கேட்க மாட்டேன். ரெண்டு வருஷமா அப்பப்ப இப்படித்தான் பண்றார்."

"யார் பண்றா!" கியர்பாக்ஸ்காரருக்கு மூச்சு முட்டியது. "நான் எப்பவும் போல வாசலைப் பார்த்துத்தான் விட்டுட்டுப் போனேன்! சொல்லு தம்பி!"

"அவருக்கே கேட்டுடுச்சு சார்."

அண்ணி கையைத் தட்டினாள். "யாரும் கெடுக்கலை. காலையில வண்டி வாசலைப் பார்த்து இறக்கத்துல நின்னப்ப இவர் முன்பக்கத்தை அளந்தார். மத்தியானம் அதே வண்டி சுவரைப் பார்த்து ஏத்தத்துல நின்னப்ப அவர் பின்பக்கத்தை அளந்தார். அந்தப் பக்கம் ஒன்றரை, இந்தப் பக்கம் ஒன்றரை. கூட்டினா மூணு. மத்த வண்டிகள்ல ரெண்டு பேரும் சாய்மானம் அளக்கிற வேலை வந்திருக்காது. ஆக்சில் மாறலை, ஆப்பு மாறலை. பூமிதான் திரும்பிடுச்சு. பேசிக்கிற ஆளுங்களா இருந்தா, 'ஏன்யா திருப்பி நிறுத்தினே'ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்."

இருவரும் தரையைப் பார்த்தார்கள். அரை நிமிடம். அடுத்த அரை நிமிடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"அப்ப திருப்பினது யாரு?"

"அவர்தான்!" "அவன்தான்!"

கொத்தனார் முதல் செங்கல்லை நனைத்தார்.

*

"சண்டையை அப்புறம் போடலாம். முதல்ல வண்டியை நூலுக்கு வெளியே எடுப்போம்" என்றாள் அண்ணி. "நீங்க ரெண்டு பேரும் தொட மாட்டீங்க. அம்மா, நீங்க உட்காருங்க. சுவர்ப்பக்கமா எட்டடி பின்னால எடுத்தாப் போதும்."

பட்டறைக்காரம்மா தயங்கித் தயங்கி ஏறினாள். அண்ணி அடுத்த சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்டக்டர் ஜன்னலில் தலையை நுழைத்தான். விசில் இல்லாததால் வாயாலேயே "வரலாம், வரலாம்" என்றான்.

அவள் கை சாவியைத் திருகியது. அதற்கு முன்பே, கண் சாவியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது கை தானாக டேஷ்போர்டுக்கு அடியில் போய் எதையோ சொடுக்கியது. எஞ்சின் ஒரே திருகலில் உறுமி எழுந்தது. கிளட்ச்சை மிதித்தாள். அத்தோடு சரி. கியர்க் கம்பியைப் பிடித்த கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

"திருட்டு போகாம இருக்க வச்ச ரகசிய சுவிட்சா அது?" என்றாள் அண்ணி. "பல் டாக்டர் ரெண்டு மெக்கானிக்கிட்டயும்தான் சொல்லியிருப்பார். உங்க கை பார்க்காமலே போகுதே."

பட்டறைக்காரம்மா இடது கையைச் சட்டென்று மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி லாரிக்குப் பின்னால பத்து நிமிஷம் நின்னோம். ரெண்டடி பின்னால எடுத்திருந்தா ஒரே நிமிஷத்துல போயிருக்கலாம். முன்னால போறதுல புலி. பின்னால எடுக்கத் தெரியாது. அதனால வெளியே போயிட்டு வந்தா, போன மூக்கோட உள்ளே விட்டுட வேண்டியதுதான். சரியா?"

கண்டக்டரின் தலை ஜன்னலில் இடித்தது. வழக்கைக் கொண்டுவந்தவளே குற்றவாளியா?

அவள் எஞ்சினை அணைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் உதட்டோரத்தில் ஒரு குறும்பு ஒளிந்திருந்ததைக் கண்டக்டர் கவனித்தான்.

"பன்னிரண்டரையிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் பட்டறையில நான் மட்டும்தான் மேடம். காலையிலெல்லாம் 'உன் புருஷன்கிட்ட சொல்லு.' சாயங்காலமெல்லாம் 'உங்க அண்ணன்கிட்ட சொல்லு.' நான் என்ன தபால் பெட்டியா? அந்த ஒண்ணரை மணி நேரம்தான் என்னோடது. ஒரு நாள் ஒரு வண்டியை எடுத்துச் சும்மா ஆத்தோரம் வரைக்கும் போயிட்டு வந்தேன். அதுக்கப்புறம் மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. ஒரு கீறல் விழுந்ததில்லை. நிறுத்துறதுல இப்படி ஒரு வில்லங்கம் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீங்க" என்றாள் அண்ணி. "அவங்க ரெண்டு பேருக்கும் திருப்பினது யாருன்னு தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் சொல்லவும் மாட்டேன். ஆனா தெரியாம இருந்தா, ஒருத்தர் மேல ஒருத்தர் பழியைப் போட்டுட்டு அஞ்சு மணிக்குச் சுவர் எழும்பிடும்."

"சொன்னா?"

"சொன்னா உங்க ஒண்ணரை மணி நேரம் போயிடும்."

கண்டக்டர் ஒரு நகைச்சுவை சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். பதினோரு வருடத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

பட்டறைக்காரம்மா கதவைத் திறந்து இறங்கினாள். நூலுக்கு நடுவில், அண்ணனுக்கும் கணவனுக்கும் சம தூரத்தில் நின்றாள்.

"நான்தான் எடுத்தேன்."

"எதை?" என்றார்கள் இருவரும்.

"வண்டியை. புதன்கிழமை மத்தியானம். இதை மட்டும் இல்லை, ரெண்டு வருஷமா நிறைய வண்டி. திருப்பித் திருப்பி நிறுத்தினது நான். அண்ணனும் இல்லை, நீங்களும் இல்லை."

பிறகு எழுந்த கூச்சலில் தகரக் கூரை அதிர்ந்தது.

"பந்தயக் கார்! முந்நூறு குதிரைச் சக்தி!" என்றார் அண்ணன்.

"லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம்கூட ஆகலை!" என்றார் கணவர்.

"எங்கேயாவது மோதியிருந்தா?"

"அதானே! மோதியிருந்தா?"

"சின்ன வயசுலயே இப்படித்தான் மாப்பிள்ளை, என் சைக்கிளை எடுத்துட்டுப் போயிடுவா!"

"எனக்கு ஏன் இதைக் கல்யாணத்துக்கு முன்னால சொல்லலை மச்சான்?"

கண்டக்டர் நூலுக்கு அந்தப் பக்கம் போகத் தயாராக ஒரு காலைத் தூக்கியிருந்தான். மெதுவாக அதைக் கீழே வைத்தான். அவனுக்கு வேலை போய்விட்டது.

பட்டறைக்காரம்மா வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை குனிந்திருந்தது. திட்டு கொஞ்சம் தணிந்த இடமாகப் பார்த்து, தரையிடம் சொல்வதுபோல் சொன்னாள்: "ஆனா அன்னைக்கு வண்டி அவ்வளவு மோசமா உதறலை."

இருவரும் நிறுத்தினார்கள்.

"நான் ஓட்டினது புது கியர்பாக்ஸ் மாட்டினதுக்கு அப்புறம், நீங்க ஆப்பு மாத்துறதுக்கு முன்னால. அறுபதுல லேசா ஒரு உறுமல். எழுபத்தஞ்சுல அடங்கிடுச்சு. காலை எடுத்தா மறுபடி உறுமும். மிதிச்சா இல்லை."

"மிதிச்சா இல்லையா?" கணவரின் குரல் மாறிவிட்டது. "காலை எடுத்தா மட்டுமா?"

"காலை எடுத்தா மட்டும்."

"உறுமல் காலுக்கு அடியிலயா, முதுகுக்குப் பின்னாலயா?" என்றார் அண்ணன்.

"முதுகுக்குப் பின்னால. சீட்டு சொல்லும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்கள். கியர்பாக்ஸ்காரர் மீசையைச் சொறிந்தார். "பல் டாக்டர்கிட்ட எத்தனை தடவை கேட்டாலும் 'கடகடன்னுது'ங்கிறதைத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டார்."

"நல்லா ஓட்டுறவன் இப்படித்தான் சொல்வான்" என்றார் ஆக்சில்காரர். அதை மனைவியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார். "மச்சான், ரெண்டு டிகிரி அதிகம். ஒன்றரை வச்சுப் பார்ப்போமா?"

"கியர்பாக்ஸைத் தாங்குற மவுன்ட்டை நான் ஒரு நூல் அளவு தூக்கினா?"

"எவ்வளவு தூக்குவீங்க?"

"நீ எவ்வளவு குனிவே?"

"பினியனைத்தானே கேக்கறீங்க?"

"வேற யாரை? ஞாயித்துக்கிழமை பந்தயம். படு, படு."

ஸ்டூல் உருண்டது, டயர் உருண்டது. ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் காருக்கு அடியில் புகுந்தார்கள். வெளியே நாலு கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளே எண்கள் பறந்தன. நடுநடுவே, "கையை எடு மாப்பிள்ளை, அது என் விரல்" என்று ஒரு அலறல்.

பட்டறைக்காரம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். கண்ணைத் துடைக்க மறந்திருந்தாள்.

"அண்ணி, இவங்களைச் சேர்த்து வச்சது உண்மையா, ஒரு பொதுவான எதிரியா?" என்றான் கண்டக்டர்.

"ரெண்டும் ஒரே ஆளா வந்ததுதான் நம்ம அதிர்ஷ்டம்" என்றாள் அண்ணி.

மணி ஐந்து அடித்தது. கொத்தனார் நனைந்த செங்கல்லை ஒரு கையிலும் கரண்டியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, காரின் பக்கவாட்டில் குனிந்தார்.

"ஐயா, சுவர்?"

"யோவ்!" காருக்கு அடியிலிருந்து இரண்டு குரல் ஒன்றாக வெடித்தது. "அளவு எடுக்கிற நேரத்துல வெளிச்சத்தை மறைக்காதேய்யா, தள்ளு!"

கொத்தனார் தள்ளி நின்றார். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு நூலை அவிழ்த்து, கட்டை விரலில் நிதானமாகச் சுற்றத் தொடங்கினார்.